உமிக்கரி பல்லுக்கு ஆகும், குளத்துக்கு ஆகுமா?

போன சித்திரையில் திருநெல்வேலி டவுன் பக்கம் ஒரு குளத்தங்கரை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் நல்ல கிளிப்பச்சை. காற்று தள்ளிக்கொண்டு வந்து ஒதுக்கிய மூலையில், யாரோ பெயிண்டு டப்பாவைக் கவிழ்த்துவிட்ட மாதிரி கெட்டியாக ஒரு படலம், அதன் ஓரம் வெயிலில் காய்ந்து நீலம் பாரித்துக் கிடந்தது. "என்ன அண்ணாச்சி, தண்ணி இப்படிக் கிடக்கு?" என்றேன். "அது வருசா வருசம் வரும் தம்பி, மழை விழுந்தா போயிரும்" என்றவர், டீயை ஆற்றிக்கொண்டே, "கரியைக் கொட்டுனா தெளிஞ்சிரும்னு செல்லுல ஒரு வீடியோ வந்துச்சே, நெசமா?" என்று கேட்டார். எனக்கும் அதே மாதிரி ஒன்று வந்திருந்தது. அன்றைக்கு டீக்கடையில் மழுப்பிவிட்டு வந்தேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வீடியோ முழுப் பொய் கிடையாது. கரி வகைப் பொருள்களை வைத்து ஊருக்குள் இருக்கும் ஏரிகளில் நச்சுப் பாசியை அடக்கிப் பார்க்கும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது, ஆய்வகங்களில் இதற்கென்றே கத்தை கத்தையாகக் கட்டுரைகள் வருகின்றன. ஆனால் மூட்டை மூட்டையாகக் கரியைக் கொண்டுபோய்க் குளத்தில் கொட்டினால் மிஞ்சுவது கறுப்புச் சேறுதான். எந்தக் கரி, எந்த இடத்தில், எதைச் செய்து முடித்த பிறகு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பாசி. நம் ஊரில் தண்ணீருக்கு மேல் பச்சையாக எது கிடந்தாலும் பாசி என்று சொல்லிவிடுவோம். அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, வேறு, அதற்கு இலையும் வேரும் உண்டு, ஜேசிபி வைத்து அள்ளிவிடலாம். படித்துறையில் வழுக்கும் பாசி வேறு, நூல் நூலாகக் காலில் சுற்றும் பாசி வேறு, அவை தொல்லைதான், பெரிய ஆபத்தில்லை. நான் சொல்வது நீலப்பச்சைப் பாசி. பெயரில்தான் பாசி, ஆள் பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பார்கள். அதிலும் மைக்ரோசிஸ்டிஸ் என்கிற வகை நம் பக்கத்துக் குளங்களுக்கும் தெப்பக்குளங்களுக்கும் புதிதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் இருக்கும், அதனால் வெளிச்சம் வேண்டுமென்றால் மேலே வரும், போதும் என்றால் கீழே இறங்கும். காற்றில்லாத நாளில் மொத்தமாக மேலே வந்து பாய் விரித்துவிட்டால், கீழே இருக்கிற மற்ற பாசிகளுக்கு வெயிலே கிடைக்காது. ராத்திரியில் எல்லாம் சேர்ந்து தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும், விடியக்காலையில் மீன் செத்து மிதக்கும்.

இது அந்தப் பாசிதானா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, படலத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தண்ணீரை ஒரு பாட்டிலில் முக்கால் அளவு மொண்டு வந்து ஜன்னல் திண்டில் வைத்தேன். ராத்திரி முழுக்க யாரும் அசைக்கக் கூடாது. காலையில் பார்த்தால் மேலே ஒரு விரற்கடைக்குப் பச்சை வளையம் கெட்டியாக நிற்கிறது, அதற்குக் கீழே தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவு. சாதாரணப் பச்சைப் பாசி என்றால் பெரும்பாலும் அடியில் போய்ப் படிந்திருக்கும். இது சந்தேகத்தைக் கிளப்பிவிடும் சோதனை, அவ்வளவுதான். நஞ்சு இருக்கிறதா, எவ்வளவு என்பதை லேப்பில்தான் சொல்ல முடியும், ஏனென்றால் ஒரே மாதிரித் தோன்றும் பாசியில் சிலது நஞ்சு கக்கும், சிலது கக்காது.

நஞ்சின் பெயர் மைக்ரோசிஸ்டின், கல்லீரலைத் தாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. கொதிக்க வைத்தால் போகாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தத் தண்ணீரையும் "ஒரு கொதி விட்டாப் போதும்" என்று நம்பியே வளர்ந்தவர்கள் நாம். பிரேசிலில் கருவாரு என்ற ஊரில் 1996-ல் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணீரில் இந்த நஞ்சு இருந்து, 50 நோயாளிகளுக்கு மேல் இறந்துபோனார்கள். அங்கே கரி வடிகட்டி இருந்தது. நஞ்சைத் தேடியவர்களுக்கு அது அந்த வடிகட்டிக் கரியிலேயே சிக்கியது. கரி நஞ்சைப் பிடிக்கும் என்பதற்கும், பிடித்துப் பிடித்து நிறைந்த கரியை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அது ஒன்றே உதாரணம்.

நல்ல காலம், திருநெல்வேலிக்காரன் குளத்துத் தண்ணீரைக் குடிப்பதில்லை, ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகள்தான் நமக்கு. ஆனால் மாடு குடிக்கிறது, நாய் குடிக்கிறது, பிள்ளைகள் குதிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், அந்த மீன் சந்தைக்கு வருகிறது.

பாசியைக் கொன்றுவிட்டால் என்ன என்று அடுத்த கேள்வி வரும், தோட்டம் வைத்திருப்பவர்கள் உடனே மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், என்பார்கள். சாகும், உண்மைதான். ஆனால் நஞ்சின் பெரும்பகுதி உயிரோடிருக்கிற செல்லுக்குள்தான் பூட்டிக் கிடக்கிறது, செல் வெடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலந்துவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பாம் ஐலண்ட் என்ற தீவில் 1979-ல் நீர்த்தேக்கத்துப் பாசிக்கு மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் 148 பேர் நோயில் விழுந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அங்கே இருந்தது வேறொரு நீலப்பச்சைப் பாசி, வேறொரு நஞ்சு, ஆனால் பாடம் ஒன்றே. கொல்லாமல் அடக்க வேண்டும், அதாவது தீனியை நிறுத்த வேண்டும். கரியைப் பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

தீனி என்றால் முக்கியமாக பாஸ்பரஸ். கனடாவில் ஒண்டாரியோ காட்டுக்குள் 226 என்று எண்ணால் மட்டும் அழைக்கப்படும் ஓர் ஏரி இருக்கிறது. டேவிட் ஷின்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு 1973-ல் அதன் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கரிமமும் நைட்ரஜனும், மற்றப் பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைக் கூழாக மாறியது, மற்றது அப்படியே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் போதும், வாதமே வேண்டாம். நைட்ரஜனுக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை, அதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் முதலில் கையை வைக்க வேண்டிய இடம் பாஸ்பரஸ்.

நம் குளங்களுக்கு அது எப்படி வருகிறது? தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். சுத்தமல்லியில் பிரிகிற நெல்லைக் கால்வாய் டவுன் வழியாக நயினார்குளத்துக்கு வருகிறது, பழவூரில் பிரிகிற பாளையங்கால்வாய் பாளையங்கோட்டைப் பக்கத்துக் குளங்களுக்குப் போகிறது. கார், பிசானம் என்று இரண்டு பூ நெல் சாகுபடிக்கும் கால்வாயில் வந்த தண்ணீர், குளத்தில் தங்கி, மடை வழியாக வயலுக்கு ஓடி, மிச்சம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். கோடையில் குளம் காயும். அப்போது கரம்பை என்கிற அடிவண்டலை வெட்டி மாட்டு வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். யாரும் பாஸ்பரஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் செய்தது அதுதான்: குளத்தின் அடியில் சேர்ந்த சத்தை வருசா வருசம் வாரி வெளியே எடுத்தார்கள். இப்போது குளத்துக்குக் கீழே வயல் இருந்த இடத்தில் வீடு இருக்கிறது, மடை அடைந்து கிடக்கிறது, கோடையிலும் வற்றாமல் தண்ணீர் நிற்கிறது. எந்தச் சாக்கடையிலிருந்து வந்த தண்ணீர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கரிக்கு வருவோம். நமக்குத்தான் எத்தனை கரி! ஆலையில் உமியை மூச்சடைக்க எரித்தால் உமிக்கரி, நன்றாகக் காற்றோட்டமாக எரியவிட்டால் உமிச்சாம்பல். சீமைக் கருவேல மரத்தை அடுக்கி மண் பூசிப் போடும் மூட்டக்கரி, இங்கிருந்து வடகிழக்கே விளாத்திகுளம் பக்கம் போனால் சாலையோரமே புகை தெரியும். சிரட்டைக்கரி. பயோசார் என்று இப்போது பெரிய பேராக அழைக்கிறார்களே, அது இவற்றுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்: மரத்தையோ உமியையோ, காற்றைக் குறைத்துவிட்டு, ஏறக்குறைய 350 முதல் 700 டிகிரி வரை கட்டுப்பாடாகச் சுட்டது. ஆக்டிவேட்டட் கார்பன் இன்னும் ஒரு படி மேலே, கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டி உள்ளே துளைகளைத் திறந்துவிடுவார்கள். ஒரு கிராமை எடுத்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு இருக்கும், ஒரு கால்பந்து மைதானத்தில் ஏழில் ஒரு பங்கு. அத்தனை சுவரில் ஒட்டிக்கொள்ள இடம் இருப்பதால்தான் கரி அழுக்கைப் பிடிக்கிறது.

ஆனால் எல்லா அழுக்கையும் பிடிக்காது. கரியின் மேற்பரப்பில் பொதுவாக நெகட்டிவ் மின்னூட்டம், பாஸ்பரஸ் தண்ணீரில் கரைந்திருக்கும் வடிவமான பாஸ்பேட்டுக்கும் நெகட்டிவ் மின்னூட்டம், இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஆக வெறும் கரி பாஸ்பரஸை அவ்வளவாகப் பிடிப்பதில்லை, சில கரிகள் தம்மிடம் இருக்கிற பாஸ்பரஸையும் சேர்த்துத் தண்ணீரில் விட்டுவிடும். வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடும் இடம் இது. ஆய்வகத்தில் வேலை செய்வது உப்பேற்றிய கரி. சுடுவதற்கு முன்போ பின்போ மக்னீசியம், இரும்பு, கால்சியம், லாந்தனம் போன்ற ஏதாவது ஒன்றின் உப்புக் கரைசலில் ஊறப்போட்டு, அந்த உலோகத்தைக் கரியின் துளைகளில் ஒட்டவைக்கிறார்கள். பாஸ்பேட்டைப் பிடிப்பது உண்மையில் அந்த உலோகம்தான், கரி அதைத் தாங்கி நிற்கும் சட்டம்.

சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரியும் சாம்பலும் ஒன்றுதானே என்று அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். சாம்பல் உரம். அதில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் இருக்கிறது, தண்ணீரின் காரத்தன்மையையும் ஏற்றிவிடும், நீலப்பச்சைப் பாசிக்கு அந்தக் காரம் ரொம்பப் பிடிக்கும்.

நஞ்சைப் பிடிப்பதில் கதை வேறு மாதிரிப் போகிறது. அங்கே மின்னூட்டத்தைவிடத் துளையின் அகலம்தான் பேசும். மைக்ரோசிஸ்டின் பெரிய மூலக்கூறு. சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகல், அதற்குள் இந்த ஆள் சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும். குளத்துத் தண்ணீரில் வரும் மண்வாடைக்குக் காரணமான சின்ன மூலக்கூறுகளுக்கு அது அருமையான வீடு. மைக்ரோசிஸ்டினுக்கு மரத்திலிருந்து செய்த, துளை கொஞ்சம் அகலமான ஆக்டிவேட்டட் கார்பன்தான் தோது. சிரட்டைதான் உசத்தி என்று எல்லாரும் சொல்வது எதற்கு உசத்தி என்பதைப் பொறுத்தது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் நான்கு லட்சம் பேருக்கு மேல் ஏறக்குறைய மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டிவந்தபோது, சுத்திகரிப்பு நிலையத்தில் கைகொடுத்தவற்றில் முக்கியமானது இந்தக் கரித்தூள்தான். குழாய்க்குள் வந்த தண்ணீருக்கு அது சரி. திறந்த ஏரிக்கு யாரும் அப்படிப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நானும் ஆசைக்கு ஒன்று செய்து பார்த்தேன். அதே குளத்துத் தண்ணீர், இரண்டு பாட்டில், ஒன்றில் அம்மியில் இடித்த மூட்டக்கரி இரண்டு கரண்டி. கரி முதலில் மூழ்கவே இல்லை, உள்ளே காற்று, பாதி மேலேயே மிதந்து பாசியோடு சேர்ந்து ஒரு கறுப்பு அடை மாதிரி நின்றது. மறுநாள்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாலாம் நாள் வாடை நன்றாகக் குறைந்திருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பச்சை மட்டும் அப்படியே. வீட்டில், "பாட்டிலைத் தூக்கிப் போடுதீங்களா, நான் போடட்டுமா?" என்று கேட்டதால் ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

இப்போது கணக்குக்கு வாருங்கள், எனக்கு இந்தக் கட்டுரையே இதற்காகத்தான். 10 ஹெக்டேர் பரப்பில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு குளம் என்று வைத்துக்கொள்வோம். 1,50,000 கன மீட்டர், அதாவது 15 கோடி லிட்டர். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்தால், குளத்துத் தண்ணீர் மொத்தத்திலும் இருப்பது 45 கிலோ. நமக்குப் பழகிய அளவில் சொன்னால், 50 கிலோ டி.ஏ.பி. உர மூட்டை ஒன்றில் சுத்தமான பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ வரும், ஆக நாலரை மூட்டை டி.ஏ.பி. 10 ஹெக்டேர் குளம் பச்சையாக நாலரை மூட்டை உரம்! உப்பேற்றிய கரி ஒரு கிராமுக்கு 10 மில்லிகிராம் பிடிக்கும் என்று தாராளமாகவே வைப்போம். ஆய்வகத்தில் இதைவிடப் பெரிய எண்கள் வரும், ஆனால் அங்கே பாஸ்பரஸைக் கெட்டியாகக் கரைத்துவைத்துப் பார்க்கிறார்கள், குளத்தில் அது நீர்த்துக் கிடக்கிறது, கூடவே மற்ற அழுக்குகள் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. அப்படியும் நாலரை டன் கரி போதும். ஒரு லாரி. பரவாயில்லையே என்று தோன்றும்.

பொறுங்கள். ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சிறுநீர், மலம் வழியாக வெளியே அனுப்பும் பாஸ்பரஸ் ஏறக்குறைய 1 கிராம். அந்தக் குளத்தில் 5,000 பேர் வீட்டுச் சாக்கடை விழுகிறது என்றால், சோப்புத் தூளை விட்டுவிட்டாலும், தினமும் 5 கிலோ. அரை மூட்டை டி.ஏ.பி.யை ஒவ்வொரு நாளும் ஒருவர் கரையில் நின்று கொட்டுவதற்குச் சமம். லாரி நிறைய கரி போட்டுப் பிடித்த 45 கிலோவும் ஒன்பதே நாளில் திரும்ப வந்துவிடும். இதில் அடிச்சேற்றில் பல வருசமாகப் படிந்து, ஆக்சிஜன் தீர்ந்த கோடை இரவுகளில் மெல்லக் கரைந்து மேலே வரும் பழைய பாக்கியைச் சேர்க்கவே இல்லை. கரியைக் குளத்துக்குள் போடாமல் சாக்கடை வாயிலிலேயே வைத்தாலும், அதே கணக்கில் தினமும் அரை டன் மாற்ற வேண்டும். யார் மாற்றுவது?

ஆக, சாக்கடையைத் திருப்பாத குளத்தில் கரிக்கு வேலையே இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பைப் போடுவதற்கு ஆகும் செலவும் காலமும் தெரியாமல் பேசுகிறான் என்பார்கள். தெரிந்துதான் பேசுகிறேன்.

திருப்பிய குளம் என்றால் பேச்சு மாறிவிடும். அப்போது மிஞ்சுவது தெருவைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழைத் தண்ணீர், அங்கங்கே கசியும் செப்டிக் டேங்க், மார்க்கெட் கழிவு, பிறகு அந்தப் பழைய சேறு. நாளுக்கு 5 கிலோ என்பது சில நூறு கிராமாக இறங்கிவிட்டால் கரி தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் லேக் ஹோபட்காங் ஏரியில் 2019 கோடை பாசியால் பாழாய்ப் போனது, அதற்குப் பிறகு அவர்கள் செய்தவற்றில் ஒன்று, வலைப் பைகளில் பயோசாரை நிரப்பி, ஏரிக்குள் தண்ணீர் வந்து சேரும் இடங்களில் கட்டித் தொங்கவிட்டது. அங்கேயும் அது பல வேலைகளில் ஒரு வேலைதான். ஆனால் பையில் போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. பைக்குள் இருக்கிற கரியைத் திரும்ப எடுக்கலாம். தூளாகக் கொட்டியதை எடுக்கவே முடியாது, அது பிடித்த பாஸ்பரஸ் குளத்துச் சேற்றிலேயே இன்னொரு பாக்கியாகச் சேரும்.

எடுத்த கரியை என்ன செய்வது என்று கேட்டால், நம் ஊரில் அதற்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது: கரம்பையை என்ன செய்தோமோ அதை. பாஸ்பரஸ் ஏறிய கரி வயலுக்கு நல்ல உரம், மெல்ல மெல்ல விடும். ஒரு நிபந்தனை உண்டு, குளத்துக்குள் வந்தது வெறும் வீட்டுத் தண்ணீரா, இல்லை பட்டறை, சாயம், பேட்டரி கழுவிய தண்ணீருமா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கரி ஈயத்தையும் காட்மியத்தையும் பாஸ்பரஸைவிட ஆசையாகப் பிடிக்கும். லேப்பில் பார்த்துவிட்டு நெல்லுக்குப் போடலாம், பார்க்காமல் போடக் கூடாது. குளத்தில் அள்ளிய அமலையையே கரியாக்கி அதே குளத்துக்குப் போடலாமே என்று ஒரு யோசனை சொல்கிறார்கள், கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அமலை தின்ற பாஸ்பரஸ் நெருப்பில் ஆவியாகிப் போவதில்லை, பெரும்பகுதி கரியிலேயே தங்கிவிடும். அந்தக் கரியைக் குளத்துக்குத் திருப்பினால் அள்ளிய கூலி வீண். அதுவும் வயலுக்குத்தான் போக வேண்டும்.

பைகளை எப்போது கட்டுவது என்பதில் மட்டும் நம் பருவத்தைப் பார்க்க வேண்டும், வெளிநாட்டுக் கோடைக் கணக்கு இங்கே உதவாது. பாசி பூப்பது பங்குனி, சித்திரையில், ஆனால் தெரு அழுக்கு மொத்தமாகக் குளத்துக்கு இறங்குவது ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையின் முதல் சில மழைகளில். புரட்டாசி முடிவதற்குள் கால்வாய் வாயிலில் பை கட்டியிருக்க வேண்டும், வெள்ளம் அடித்துக்கொண்டு போகாதபடி கல் தூணில் இழுத்து. தை பிறந்து மழை ஓய்ந்ததும் அவிழ்த்து, கரையில் காயப் போட்டு, ஒரு கைப்பிடியை லேப்புக்கு அனுப்பினால், அடுத்த காருக்கு நாற்றங்கால் போடுவதற்குள் முடிவு கையில் இருக்கும்.